விண்கோளின் குரலைக் கேட்டல்



மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் அருகிலேயே, மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறையின் உச்சியில் பல்லவர் காலத்துக் கோயில் ஒன்று நிற்கிறது. ஒலக்கணேசுவரர் கோயில் என்பர். இன்றைய விளக்கம் எழும்புவதற்கு முன்பு அந்தக் கோயிலின் மேல்தளத்திலேதான் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழி காட்டினார்கள். அந்த ஒளி இன்னாருக்கு என்று ஏற்றப்பட்டதன்று. கண்ணுள்ள எந்த மாலுமியும் அதனால் பயன் பெறலாம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அத்தகைய விளக்கைப் பற்றியதே. அது ஏறத்தாழ 800 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றி வருகிறது. ஒளிக்குப் பதிலாக வானொலி அலையை வீசுகிறது. அந்த அலையைக் கடற்கரையில் உட்கார்ந்து, கையில் தூக்கிச் செல்லும் பெட்டி ஒன்றின் உதவியால், வெயிலையே மின்சாரமாகக் கொண்டு கேட்க முடியும். நான் கேட்டிருக்கிறேன், என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

பெட்டிக்குள் இருப்பவை மிகச் சில. கட்டைவிரல் அளவுள்ள வானொலி வாங்கி ஒன்று; சீட்டுக்கட்டு அளவில் ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறி ஒன்று; லித்தியம் மின்கலம் ஒன்று; மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்று. வெளியே வெயிலில் கிடத்துவதற்கு 20 வாட் சூரிய மின்தகடு. ஏரியலுக்கு இரண்டு அலுமினியக் கம்பிகள். இவ்வளவையும் எடுத்துக்கொண்டு செங்கற்பட்டில் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் இறங்கினால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதை டிபன் பெட்டி என்றே எண்ணிக்கொள்வார்.

இதனை மென்பொருள் வானொலி என்கிறார்கள். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். பாட்டனார் காலத்து வானொலிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குமிழைத் திருகினால் உள்ளே மின்தேக்கியின் தகடுகள் அசையும். நாம் விரும்பும் நிலையத்தின் அலை உள்ளே வரும், மற்றவை ஒதுங்கும். அலையைத் தேர்வதும், அதிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுப்பதும் கம்பிச் சுருள்களும் மின்தேக்கிகளும் செய்த வேலை. வேறு வகையான ஒலிபரப்பைக் கேட்க வேண்டுமானால் வேறு பெட்டிதான் வாங்க வேண்டும். மென்பொருள் வானொலியிலோ, ஏரியலில் பட்ட அலையைச் சற்றே பெருக்கி, தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கி, உடனே எண்களாக்கிவிடுகிறார்கள். நொடிக்கு 20 இலட்சம் முறைக்கு மேல் அலை அளக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஓர் எண் அல்ல, இரண்டு எண்கள் கிடைக்கின்றன.

இரண்டு எதற்கு? ஆடுகின்ற ஊஞ்சலை ஒரு கணத்தில் நிழற்படம் எடுத்துப் பாருங்கள். ஊஞ்சல் எங்கே இருக்கிறது என்பது படத்தில் தெரியும். முன்னே போகிறதா, பின்னே வருகிறதா என்பது தெரியாது. அலையின் நிலையும் அப்படியே. ஓர் எண் அதன் அளவைச் சொல்லும். கால் சுற்றுத் தள்ளி அளக்கப்படும் இரண்டாவது எண், அது எத்திசையில் சுழல்கிறது என்பதைச் சொல்லும். இவ்விரண்டும் கைக்கு வந்துவிட்டால், பிறகு நடப்பதெல்லாம் கூட்டலும் பெருக்கலுமே. பண்பலை வானொலியா, மோர்ஸ் ஒலியா, வானிலைப் படமா, எது வேண்டுமோ அதற்குரிய கணக்கைக் கணிப்பொறிக்குக் கொடுத்தால் போதும். அமெரிக்கப் பொறியியலாளர் ஜோசப் மிட்டோலா என்பவர் 1990-களின் தொடக்கத்தில் இக்கருத்தை எழுதிப் பரப்பினார். அந்நாளில் அது இராணுவத்துக்கும் பெரிய ஆய்வுக்கூடங்களுக்குமே எட்டும் பொருளாக இருந்தது.

அது மாணவர் கைக்கு வந்த வரலாறு வேடிக்கையானது. கணிப்பொறியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று மலிவான சிறு கருவி ஒன்றை ஐரோப்பாவில் விற்று வந்தார்கள். ரியல்டெக் நிறுவனம் செய்த ஒரு சில்லு அதனுள் இருந்தது. பண்பலை வானொலியைக் கேட்கும்போது மட்டும் அந்தச் சில்லு தன் தொலைக்காட்சி வேலையை விட்டுவிட்டு, அளந்த எண்களை அப்படியே கணிப்பொறிக்கு அனுப்பிவிடுகிறது என்பதைச் சில ஆர்வலர்கள் கண்டுகொண்டார்கள். 2012-ஆம் ஆண்டில் அதற்கான மென்பொருள் உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ 24 மெகா ஹெர்ட்ஸிலிருந்து 1,700 மெகா ஹெர்ட்ஸ் வரை கேட்கும் வானொலி ஒன்று, ஒரு மாணவன் சிறிது பணம் சேர்த்தால் வாங்கக்கூடிய விலையில் வந்துவிட்டது. செய்தவர்களே எண்ணிப் பாராத பயன் இது.

இனி, எந்தக் கோளைக் கேட்பது? நம் மாவட்டத்திலேயே தொடங்குவோம். காட்டாங்கொளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையில் எஸ்.ஆர்.எம்.சாட் என்னும் கோளைச் செய்தார்கள். 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், இந்திய-பிரெஞ்சுக் கோளாகிய மேகா-டிராபிக்ஸுடன் அது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறியது. காற்றிலுள்ள கரியமில வாயுவையும் நீராவியையும் அளப்பதற்கான கருவி அதில் இருந்தது. தான் உயிரோடிருப்பதை அறிவிக்க 437 மெகா ஹெர்ட்ஸ் அலையில் மோர்ஸ் குறியை ஒலித்தது. இந்தக் கோளின் பாதையில் நீங்கள் கவனிக்க வேண்டிய சிறப்பு ஒன்று உண்டு. வானிலைக் கோள்கள் பெரும்பாலும் துருவங்களைத் தொட்டுச் சுற்றுவன. ஆகையால் ஓர் ஊருக்கு மேலே நாளில் சில முறைதான் வரும். எஸ்.ஆர்.எம்.சாட் நடுக்கோட்டுக்கு 20 பாகையே சாய்ந்த பாதையில், ஏறத்தாழ 102 நிமிடங்களுக்கு ஒரு முறை சுற்றுவது. செங்கற்பட்டோ நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.7 பாகையில் இருக்கிறது. ஆகவே அநேகமாக ஒவ்வொரு சுற்றிலும் அது நம் தொடுவானத்துக்கு மேலே எழுந்துவிடும். தன்னைப் பெற்ற ஊரை நாள்தோறும் ஏறக்குறைய 13 முறை எட்டிப் பார்க்கும் பிள்ளை என்று வகுப்பில் சொன்னேன். மாணவர்கள் சிரித்தார்கள், ஆனால் கணக்கை மறக்கவில்லை.

இங்கே இடையிட்டு ஒன்று சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தை அடுத்த பட்டிபுலத்திலிருந்தும், 2024 ஆகஸ்டில் திருவிடந்தையிலிருந்தும் ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. மாணவர் செய்த சிறு கருவிகள் அவற்றில் சென்றன. நல்ல முயற்சிகள். ஆயினும் அவற்றைச் செயற்கைக் கோள் ஏவுதல் என்று பலர் பேசிக்கொண்டது எனக்கு உவப்பாக இல்லை. உலகைச் சுற்றும் வேகம் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தைத் தருவது இத்தகைய ராக்கெட்டுகளின் நோக்கமே அன்று. அவை மேலே சென்று திரும்பி இறங்குவன. சொல்லைத் தளர விட்டால் அறிவியலும் தளர்ந்துவிடும்.

ஏரியலுக்கு வருவோம். வானிலைக் கோள்கள் 137 மெகா ஹெர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. அதற்கு 53 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பிகள் வேண்டும். அவற்றை 120 பாகை விரித்து, தரைக்கு இணையாகப் படுக்க வைத்து, விரிந்த வாய் வடக்கையோ தெற்கையோ நோக்குமாறு கட்ட வேண்டும். கோள் தெற்கிலிருந்து வடக்கேயோ, வடக்கிலிருந்து தெற்கேயோ செல்வதால் இந்த அமைப்பு. எங்களுக்குத் தூணாக வாய்த்தது சவுக்குக் கழி. நம் கடற்கரையில் சவுக்குக்குப் பஞ்சமில்லை. இரும்புக் குழாயைப்போல் அது அலையைக் குலைப்பதுமில்லை.

கோள் எழும் நேரத்தை முன்கூட்டியே கணிக்கலாம். குறித்த நிமிடத்தில் கணிப்பொறித் திரையில் மெல்லிய கோடு ஒன்று தோன்றும். அலைகளின் செறிவைக் காட்டும் அந்தப் படம் மேலிருந்து கீழே வழிந்துகொண்டே இருப்பதால் அதனை நீர்வீழ்ச்சிப் படம் என்கிறார்கள். கோடு நேராக விழுவதில்லை. சாய்ந்து, வளைந்து, மீண்டும் நிமிர்கிறது. செங்கற்பட்டுச் சந்திப்பில் நில்லாமல் ஊதிக்கொண்டு போகும் ரயிலைக் கேட்டிருக்கிறீர்களா? நெருங்கும்போது ஊதல் கூர்மையாகவும், கடந்தவுடன் தாழ்ந்தும் ஒலிக்கும். டாப்ளர் கண்ட உண்மை அது. வானிலைக் கோளின் அலை இவ்வாறு இரு பக்கமும் ஏறத்தாழ 3 கிலோ ஹெர்ட்ஸ் விலகும். எஸ்.ஆர்.எம்.சாட் போல மும்மடங்கு உயர்ந்த அலையில் பேசும் கோளுக்கு விலக்கமும் மும்மடங்கு.

இந்த வளைவை அற்பமாக எண்ணாதீர்கள். 1957 அக்டோபர் 4-ஆம் நாள் ஸ்புட்னிக் ஏறிய சில நாட்களில், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்முறை இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்னும் இரு இளைஞர்கள் அதன் ஒலியைப் பதிவு செய்தார்கள். அதிர்வெண் இறங்கும் வேகத்தைக் கொண்டே, ஓரிடத்தில் உட்கார்ந்தபடி, கோளின் பாதை முழுவதையும் கணித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவர்களுடைய தலைவர் ஃபிராங்க் மெக்லூர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். கோளின் பாதை தெரியுமானால், கேட்பவன் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதிலிருந்து டிரான்சிட் என்னும் கப்பல் வழிகாட்டும் முறை பிறந்தது; 1964-இல் பயனுக்கு வந்தது. இன்று உங்கள் செல்பேசி வழி சொல்வதற்கு மூதாதை அதுவே. எங்கள் மாணவர்களும் அந்த வளைவை வரைதாளில் அளந்து, கோள் எந்த நொடியில் எங்களுக்கு மிக அணித்தாக வந்தது என்று கண்டுபிடித்தார்கள்.

மின்சாரத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கணிப்பொறியும் வாங்கியும் சேர்ந்து ஏறத்தாழ 6 வாட் உண்கின்றன. எங்கள் மின்கலம் 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி; அதாவது 77 வாட்-மணி. ஓயாமல் ஓட்டினால் பன்னிரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கோள் தலைக்கு மேலே இருக்கும் கால் மணி நேரம் மட்டும் ஓட்டினால், ஒரு தடவைக்கு ஒன்றரை வாட்-மணியே ஆகும். வெயிலே இல்லாவிட்டாலும் ஒரு வாரம் தாங்கும். இந்தச் சிக்கனத்தை நான் வகுப்பில் கற்பித்தேனே தவிர, கடைப்பிடிக்கத் தவறினேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதன்முதலில் கடற்கரையில் பெட்டியைத் திறந்தபோது திரை முழுவதும் கோடு கோடாக இரைச்சல். கோளின் குரல் எங்கும் காணோம். உயர் அழுத்தக் கம்பியா, ஓட்டல்களின் விளக்குகளா என்று ஒரு மணி நேரம் மணலில் இடம் மாற்றி மாற்றி அலைந்தோம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒன்றும் பேசாமல் தன் துண்டை எடுத்துச் சூரிய மின்தகட்டின் மேல் போட்டாள். இரைச்சல் நின்றுவிட்டது. “சார், சத்தம் நம்ம பெட்டியிலிருந்துதான் வருது” என்றாள். மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கருவி நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை வெட்டி வெட்டிச் சேர்க்கிறது. அந்த வெட்டல் ஒவ்வொன்றும் ஒரு சிறு வானொலி நிலையமாக ஒலிக்கிறது. அன்று முதல், கோள் வரும் நேரத்தில் தகட்டின் இணைப்பைத் துண்டித்துவிடுவது எங்கள் வழக்கம். கம்பிகளுக்கு ஃபெரைட் வளையமும் மாட்டினோம். நான் பல ஆண்டு பாடம் சொன்னவன். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது.

இனி அந்தப் புயலிரவு. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர். நான் மாமல்லபுரத்துக்கு வடக்கே, மீனவர் குடியிருப்பை அடுத்த உறவினர் வீட்டில் இருந்தேன். பெட்டி உடன் இருந்தது. அந்நாளில் நோவா 15, 18, 19 என்னும் மூன்று அமெரிக்க வானிலைக் கோள்கள் 137 மெகா ஹெர்ட்ஸில் மேகப் படங்களை யாரும் எடுத்துக்கொள்ளுமாறு அனுப்பிவந்தன. நொடிக்கு இரண்டு வரி வீதம், டிக் டிக் என்று கடிகாரம்போல் ஒலிக்கும் எளிய முறை. அந்த ஒலியின் ஏற்ற இறக்கமே படத்தின் வெளிச்சமும் இருளும்.

முந்தின நாள் இரவு, ஆவல் மிகுதியால், மாலை 6 மணி முதல் விடியற்காலை 4 மணி வரை கருவியை நிறுத்தாமல் ஓடவிட்டேன். 60 வாட்-மணி அதிலேயே போயிற்று. வெயில் வந்தால் நிரம்பிவிடும் என்று நினைத்தேன். புயல் நாளில் வெயில் எங்கிருந்து வரும்? வானம் கரும்பாறை போல் மூடிக்கிடந்தது. 20 வாட் தகட்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்கவில்லை. பிற்பகலில் மின்சாரமும் நின்றது. வீட்டிலிருந்த ஒரே செல்பேசி அணையும் நிலையில் இருந்தது. என் உறவினரின் மகள் நிறைமாதக் கர்ப்பிணி. ஆஸ்பத்திரிக்குப் பேச வேண்டி வரலாம். செல்பேசிக்கு மின்னேற்றினோம். அதற்கு 10 வாட்-மணிக்கு மேல் ஆயிற்று. அதில் எனக்கு ஐயம் எதுவும் எழவில்லை. ஆனால் முந்தின இரவு வீணாக்கியதை எண்ணித் தலை குனிந்தேன். எஞ்சியது ஒரு கடப்புக்குப் போதுமான மின்சாரம். இரண்டுக்குப் போதாது.

அன்று இரவு வரவிருந்த கடப்புகளுள் உயரமாகச் செல்வதைத் தேர்ந்தேன். சுமார் எட்டு மணிக்கு, மழையில் சவுக்குக் கழியைப் பக்கத்து வீட்டுப் பையன் பிடித்துக்கொண்டு நிற்க, திண்ணையில் பெட்டியை வைத்துக் கேட்டேன். கனத்த மழை பெய்தால் வீட்டு டிஷ்ஷில் தொலைக்காட்சிப் படம் போய்விடுவதை அறிவீர்கள். 137 மெகா ஹெர்ட்ஸ் அலைக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள அலை மழைத்துளியைப் பொருட்படுத்துவதில்லை. டிக் டிக் என்னும் ஒலி தெளிவாக வந்தது. படம் தெற்கிலிருந்து வரி வரியாக எழுந்தது. முதலில் வெற்றுக் கடல். பிறகு இலங்கை இருக்க வேண்டிய இடத்தில் திட்டுத் திட்டான மேகம். அதன் பின்னர் வெள்ளை வெளேரென்று சுழன்று கிடக்கும் பெரும் கூட்டம். அகச்சிவப்புப் படமாதலால் குளிர்ந்த மேக உச்சிகள் வெண்மையாகத் தெரிந்தன. நடுவே காற்றில் கம்பி நழுவிவிட்டது. பையன் மீண்டும் செருகுவதற்குள் 40 நொடி கழிந்தது. 80 வரிகள் வெறும் புள்ளிகளாயின. கோள் வடக்கே மறையும் முன்பே மின்கலமும் அடங்கிற்று.

படத்தைப் பார்க்க வந்தவர்களுள் முதிய மீனவர் ஒருவரும் இருந்தார். வானிலைத் துறையின் எச்சரிக்கையைக் கேட்டு இரண்டு நாள் முன்னரே படகுகளைச் சவுக்குத் தோப்பு வரை இழுத்து வைத்தவர்களில் அவர் ஒருவர். கணிப்பொறி அடங்குமுன் திரையை ஊன்றிப் பார்த்தார். “தம்பி, காத்து எப்போ திரும்பும்னு இதுல தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது, ஐயா” என்றேன்.

“எந்த இடத்துல ஏறும்னு?”

“அதுவும் இந்த ஒரு படத்தில் தெரியாது. மேகம் இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியும்.”

“அது வெளியே நின்னாலே தெரியுதே” என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, சற்றுப் பொறுத்து, “இருந்தாலும் இன்னொரு தரம் காட்டு” என்றார். காட்டுவதற்கு மின்சாரம் இல்லை.

அவர் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்பவை சென்னை ராடாரும், கடலிலுள்ள மிதவைகளும், இவற்றையெல்லாம் சேர்த்துக் கணிக்கும் வானிலைத் துறையுமே. என் பெட்டியை வைத்துக்கொண்டு புயலைப் பற்றி ஊருக்கு ஆருடம் சொல்ல நினைக்கும் மாணவன் யாரேனும் இருந்தால், அவனை நான் கண்டிப்பேன். அதிகாலையில் காற்று தணிந்தது. மறுநாள் வெயில் எட்டிப் பார்த்ததும் மின்தகட்டை முற்றத்தில் வைத்துப் படத்தைத் திறந்தோம். பெரியவர் தம் பேரப்பிள்ளைகளை அழைத்து வந்து, புள்ளிகளாய்ப் போன பட்டையைக் காட்டி, அதுதான் புயலின் வாய் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கழன்ற கம்பியின் கதையை நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

அந்த மூன்று கோள்களும் இப்பொழுது பேசுவதில்லை. நோவா 18 என்பது 2025 ஜூனிலும், மற்ற இரண்டும் அவ்வாண்டு ஆகஸ்டிலும் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டன. நோவா 15 ஏறியது 1998-ஆம் ஆண்டு மே மாதத்தில். 27 ஆண்டுகள் உழைத்தது. இன்று எங்கள் மாணவர்கள் ரஷ்யாவின் மெட்டியோர் வரிசைக் கோள்களை அதே ஏரியலில் கேட்கிறார்கள். படம் பன்மடங்கு தெளிவு. ஆனால் அது எண்முறை ஒலிபரப்பு. காதுக்கு வெறும் இரைச்சல்தான். டிக் டிக் ஒலியைக் கேட்டு, இதோ படம் வருகிறது என்று ஒரு சிறுவன் துள்ளுவதை இனி நான் காண்பதற்கில்லை.

துண்டு போட்டு இரைச்சலைக் கண்டுபிடித்த அந்த மாணவி இப்பொழுது மேற்படிப்பில் இருக்கிறாள். சென்ற முறை கடற்கரைக்கு வந்தபோது, மெட்டியோர் வருவதற்கு முன், அவளே 137.620 மெகா ஹெர்ட்ஸில் கருவியை வைத்துச் சற்று நேரம் காத்திருந்தாள். நோவா 15 அந்நேரத்தில் மாமல்லபுரத்துக்கு மேலே சென்றுகொண்டிருந்தது என்று கணக்குச் சொன்னது. திரையில் கோடு எதுவும் விழவில்லை. கடப்பு முடியும்வரை பார்த்திருந்துவிட்டு, அலைவெண்ணை மாற்றினாள்.